துபாய் கார் நெல்லைக்கு வருமா?

(மும்பையிலிருந்து நமது பகுதிநேர நிருபர்)

"அண்ணாச்சி, ரெயில்வேயில் இருக்கிறவங்களுக்குத் துறைமுகத்தில் ஆள் பழக்கம் உண்டுல்லா? ஒரு கார் விஷயமா யோசனை கேட்கணும்."

தாராவி 90 அடி ரோட்டு டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைப் பிடித்துக்கொண்டவர் நெல்லை மாவட்டத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். 11 வருஷமாகத் துபாயில் ஒரு வீட்டில் டிரைவர் வேலை. விடுமுறையில் ஊருக்குப் போகிற வழியில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தார்.

விஷயம் இதுதான். சீக்கிரத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பப் போகிறார். முதலாளி தமது 9 வருஷப் பழைய ஜப்பானியக் காரை அடிமாட்டு விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எட்டுப் பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. அதைக் கப்பலில் ஏற்றி வந்து, குற்றாலம், திருச்செந்தூர் என்று டூரிஸ்ட் டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம் என்பது அவர் கனவு.

குர்லாவில் ஒரு புரோக்கர் அதற்கு வழியும் சொல்லிவிட்டார். "2 லட்சம் அட்வான்ஸ் கொடுங்கள். வண்டியை இறக்கி, ஸ்டீரிங்கை வலப்பக்கம் மாற்றி, நம்பர் வாங்கிச் சாவியைக் கையில் தருவது என் பொறுப்பு." புதன்கிழமைக்குள் பணம் வேண்டுமாம்.

நான் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. கார் வாங்குகிற யோகம் எனக்கு இல்லை. ஆனால் 2 லட்சம் ரூபாய் என்பது பாலைவன வெயிலில் சேர்த்த காசு. "தம்பி, புதன்கிழமை வரை பணத்தைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு, டூட்டி முடிந்த நேரங்களில் விசாரிக்கக் கிளம்பினேன். சரக்கு விடுவிக்கும் ஏஜெண்டிடம் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா, குர்லா பட்டறை பிட்டர் ஒருவர், நம்மூர் டிரைவர்கள் என்று பலரைப் பார்த்தேன். அறிந்ததை இங்கே தருகிறேன். வளைகுடாவில் உறவினர் உள்ள வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

மாறி நிற்கும் ஸ்டீரிங்

துபாய், சவுதி, குவைத், கத்தார் எங்கும் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும். நமக்கு நேர் எதிர். இந்தியாவுக்குள் சாதாரணக் குடிமகன் இறக்குமதி செய்யும் கார், புதியதானாலும் பழையதானாலும், ஸ்டீரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இறக்குமதி விதி. நண்பரின் வண்டி முதல் படியிலேயே தடுக்கி விழுந்துவிட்டது.

"ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருந்தால் என்ன, ஓட்டத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் ஒரு சேட்டிடம் இடப்பக்க ஸ்டீரிங் வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் மாட்டுங்காவில் இருக்கிறார். அவர் சொன்னார்: "கண்டாலா மலைப்பாதையில் முன்னே ஒரு லாரி போகும். எதிரே என்ன வருகிறது என்று நான் பார்க்க வேண்டுமானால், வண்டி முழுவதையும் வெளியே நீட்ட வேண்டும். பார்த்த பிறகு உள்ளே இழுக்க நேரம் இருக்காது. பக்கத்து சீட்டில் கிளீனர் பையனை உட்கார வைத்து, அவன் 'போகலாம்' என்றால் போவேன். என் உயிர் அவன் கண்ணில் இருந்தது!"

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு இதை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இடப்பக்க ஸ்டீரிங் வண்டியில் விதிப்படி சைகை காட்டும் கருவி வேலை செய்தாலொழிய, அதைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது.

ஸ்டீரிங்கை மாற்றிவிடலாமே என்கிறார் புரோக்கர். பட்டறை பிட்டர் சிரித்தார். ஸ்டீரிங் என்பது வட்டமான ஒரு சக்கரம் மட்டும் அல்ல. அதன் தண்டு, கியர்பெட்டி, பிரேக் மிதி, ஒயர்கள், அத்தனையும் இடம் மாற வேண்டும். சக்கரத்தின் நடுவே இருக்கும் ஏர்பேக் என்னும் காற்றுப் பையும் அதன் உணர்கருவியும் புதிய இடத்தில் ஒழுங்காக வேலை செய்யும் என்று எந்தப் பட்டறையும் எழுதித் தராது. வண்டியின் மூல அமைப்பைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

விளக்கிலும் வித்தியாசம்

யாரும் கவனிக்காத ஒன்று முன்விளக்கு. தாழ்த்திய வெளிச்சம் இரு பக்கமும் சமமாக விழுவதில்லை. நம் நாட்டு வண்டியில் இடப்பக்கச் சாலையோரம் சற்று உயர்ந்து அடிக்கும். நடந்து போகிறவர், சைக்கிள்காரர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. எதிரே வருகிறவர் இருக்கும் வலப்பக்கம் தாழ்ந்தே இருக்கும்.

வளைகுடா வண்டியில் இது தலைகீழ். அது உயர்ந்து அடிப்பது வலப்பக்கம். நம் சாலையில் அந்த வெளிச்சம் எதிரே வரும் பஸ் டிரைவரின் கண்ணில் பாயும். இடப்பக்க ஓரத்தில் நடக்கிற பாதயாத்திரைக்காரரோ இருட்டில் நிற்பார். விளக்கில் பழுது எதுவும் இல்லை. அது வேறு நாட்டுச் சாலைக்குச் செய்த விளக்கு, அவ்வளவுதான். இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ற முன்விளக்கு வேண்டும் என்று இறக்குமதி விதி தனியாகவே சொல்கிறது.

மும்பை ஒன்றே வாசல்

பழைய கார் எந்தத் துறைமுகத்திலும் இறங்க முடியாது. மும்பைத் துறைமுகம் ஒன்றே அதற்கு வாசல். தூத்துக்குடியிலோ கொச்சியிலோ இறக்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

வாசல் திறந்திருந்தாலும் நிபந்தனைகள் உண்டு. தயாரித்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் 5 வருஷமாவது சாலையில் ஓடத் தகுதி இருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தின் சான்று வேண்டும். அத்தகைய நிலையங்களில் ஒன்று பக்கத்திலேயே, புனேயில் இருக்கிறது. 1966இல் தொடங்கிய இந்திய ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சி சங்கம் அது.

வரியோ, எல்லாம் சேர்த்தால் வண்டியின் மதிப்பையே தாண்டிவிடும். முதலாளி இனாமாகவே கொடுத்தாலும், சுங்க இலாகா பார்ப்பது வண்டியின் உண்மை மதிப்பைத்தான். நண்பரின் வண்டிக்கு வயது 9. வரி கட்டத் தயாராக இருந்தாலும் அது வாசலைத் தாண்டாது.

"நம்ம வண்டி மட்டும் ஒசத்தியா?"

செவ்வாய்க்கிழமை இரவு இதை எல்லாம் சொன்னபோது நண்பர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, அந்த வண்டியில் ஆறு ஏர்பேக் இருக்கு. நம்ம ஊரில் விற்கிற வண்டி மட்டும் ஒசத்தியா?"

கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற 5 சிறிய கார்களை மோதிச் சோதித்தது. ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம்! வெளிநாட்டில் ஏர்பேக்குடன் விற்கும் வண்டியை இங்கே ஏர்பேக் இல்லாமல் விற்ற காலம் அது.

பிறகு நிலைமை மாறியது. மோதல் சோதனை புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபரிலும் கட்டாயமாயிற்று. முன்பக்கச் சோதனையில் வண்டியை மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் மோத விடுகிறார்கள். 2019 ஜூலை முதல் டிரைவர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி கூவும். நட்சத்திர மதிப்பீடு தரும் நமது சொந்த பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது.

ஆகவே வெளிநாட்டு வண்டி மட்டம் என்பது வாதம் அல்ல. நம் சாலைக்கு அதைச் சோதித்தவர் யார், அதற்குப் பொறுப்பு யார் என்பதுதான் கேள்வி.

கடிதம் வந்து சேராது

பொறுப்பு என்றால் என்ன? ஜப்பானின் தகாதா கம்பெனி செய்த ஏர்பேக் விவகாரத்தைப் பாருங்கள். அதில் வாயுவை உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட் பயன்பட்டது. வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அந்த மருந்து கெட்டு, மோதலின்போது உலோக உறை வெடித்துச் சில்லுகள் பாயும். உயிர் காக்க வேண்டிய பையே உயிரைப் பறித்தது. உலகம் முழுவதும் சுமார் 10 கோடி கருவிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. ஆபத்து அதிகம் என்று கண்டது பழைய வண்டிகளில், அதுவும் வெப்பமும் ஈரமும் நிறைந்த பிரதேசங்களில். நம் கடற்கரை ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி, "வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று கடிதம் எழுதும். யாருக்கு? தன் கணக்கில் உள்ள சொந்தக்காரருக்கு. துபாயில் வாங்கிய வண்டி நெல்லையில் பொய்ப் பெயரில் ஓடினால் அந்தக் கடிதம் எப்படி வந்து சேரும்?

இன்னொன்று. அமெரிக்காவில் விபத்தில் நொறுங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக் கட்டிய வண்டிகள் ஏலத்தில் போய், ஷார்ஜா பட்டறைகளில் புத்துயிர் பெற்று விற்பனைக்கு வருவது உண்டு. பெயிண்ட் பளபளக்கும். உள்ளே ஏர்பேக் இருக்கிறதா என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

கோடீசுவரனும் காத்திருந்தான்

இந்தக் கெடுபிடி நம் நாட்டில் மட்டும் என்று எண்ண வேண்டாம். 1980களில் டாலர் மதிப்பு உயர்ந்தபோது அமெரிக்கர்கள் ஜெர்மன் கார்களைத் தனியாக வரவழைத்தார்கள். 1985இல் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல் வந்தன. கதவுக்குள் இரும்புப் பட்டையை ஒட்டவைத்து, பாதுகாப்புச் சட்டப்படி திருத்தியதாகக் கணக்குக் காட்டும் பட்டறைகள் பெருகின. 1988இல் அமெரிக்கா கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 25 வருஷம் ஆன வண்டிக்குத்தான் தாராள அனுமதி.

பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 கார் மோதல் சோதனைக்கு உட்படாத மாடல். பத்து வருஷத்துக்கு மேல் அது சுங்கக் காவலில் கிடந்தது. உலகக் கோடீசுவரனுக்கே அந்தக் கதி!

நம் பக்கத்தில் நடந்ததும் உண்டு. பூட்டானிலிருந்து பழைய சொகுசு வண்டிகள் கள்ளத்தனமாக வந்ததாக, 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சி சுங்க இலாகா கேரளாவில் பல இடங்களில் சோதனை போட்டது. முதல் நாளே 36 வண்டிகள் பிடிபட்டன. ராணுவம், தூதரகம் ஆகியவற்றின் பெயரால் போலிக் காகிதம் தயாரானது என்று அதிகாரிகள் கூறினார்கள். வாங்கியவர்களின் வாசலில்தான் வண்டிகள் பறிபோயின.

புதன்கிழமை

புதன்கிழமை காலை நண்பருடன் நானும் குர்லா போனேன். "இதற்கு முன் நீங்கள் இறக்கிய ஒரு வண்டியின் சுங்க ரசீதைக் காட்டுங்கள்" என்று கேட்டோம். புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்தார். போனில் பேசினார். பணம் கொடுத்த பிறகுதான் காகிதம் என்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

திரும்பும் ரெயிலில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. சயான் வந்தபோது கேட்டார்: "திருச்செந்தூருக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கிட்டுப் போய், ஒரு விபத்து ஆகுதுன்னு வையுங்க. வண்டி யார் பேரில் இருக்கும் அண்ணாச்சி?"

"பேர் போலி. அதனால் இன்ஷூரன்சும் நிற்காது. செத்தவர் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? ஸ்டீரிங் பிடித்த நீதான் தம்பி" என்றேன்.

புரோக்கர் போன் நம்பரை மாற்றிக்கொள்வார். முதலாளி கடலுக்கு அப்பால் இருப்பார். கடைசியில் அகப்படுகிறவர் கடைசியாக வாங்கியவர், அல்லது கூலிக்கு ஓட்டியவர். நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒருவராகத்தான் இருக்கிறார்கள்.

போன வாரம் துபாயிலிருந்து நண்பரின் தகவல் வந்தது. முதலாளி வண்டியை அங்கேயே விற்று, கிடைத்ததில் ஒரு பங்கை இவருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த 2 லட்சமும் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து முன்பணமாகக் கட்டி, ஊரில் கடனுக்கு ஒரு வண்டி எடுப்பதாக உத்தேசம்.

"சின்ன வண்டிதான் அண்ணாச்சி. ஆனா ஆர்.சி. புத்தகத்தில் என் பேர் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.