மினுங்கும் தட்டுக் காளானும் அதன் பெயரும்

நெடுநாள் ஆளில்லாமற் கிடந்த காணிக்குத் திரும்புகிறவர்கள், பட்டுப்போன தென்னையின் அடிக்கட்டையில் ஒரு காளானைக் காண்பதுண்டு. அது குடைபோல எழாது. அரைவட்டத் தட்டாகக் கட்டையோடு ஒட்டி நிற்கும். மேற்புறம் வார்னிஷ் பூசியதுபோலச் செம்மண்ணிறமாக மினுங்கும். வளரும் விளிம்பு வெள்ளையாயிருக்கும். முற்றினால் மரம்போலக் கடினமாகிவிடும். சுற்றிலும் கொக்கோத் தூள் போன்ற பொடி படிந்திருந்தால், அது இதன் வித்திகளே.

இதன் சாதிப் பெயர் கனோடேர்மா. கிரேக்க மொழியில் 'மினுங்கும் தோல்' என்று பொருள். 1781இல் இங்கிலாந்தின் கேர்ட்டிஸ் என்பவர் இவ்வகைக் காளான் ஒன்றுக்கு லூசிடம் என்ற இனப் பெயரை இட்டார். அப்போது அது வேறு பல காளான்களோடு ஒரே சாதியிற் கிடந்தது. நூறு ஆண்டுகளின் பின், 1881இல், பின்லாந்தின் காஸ்ரன் அதைப் பிரித்தெடுத்துக் கனோடேர்மா என்ற சாதியை அமைத்தார்.

தொல்லை அதன் பிறகுதான். எங்கே மினுங்கும் தட்டுக் காளானைக் கண்டாலும் லூசிடம் என்றே எழுதிவைத்தார்கள். சீனத்து மருந்துக் காளானும் லூசிடம். மலேசியாவில் எண்ணெய்ப்பனையைக் கொல்வதும் லூசிடம். 1952இல் தஞ்சாவூர்ப் பகுதித் தென்னைகளிற் கண்டறியப்பட்ட வாடல் நோய்க்குக் காரணமானதும் லூசிடம். ஊர் மாடெல்லாவற்றுக்கும் ஒரே குறி சுட்டதுபோலத்தான்.

இந்தச் சாதியின் உண்மையான அடையாளம் மினுக்கம் அல்ல, வித்தி. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய நூறு வித்திகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியது. நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் இரட்டைச் சுவர் தெரியும். ஒரு முனை கத்தியால் வெட்டியதுபோலிருக்கும். தோல் மங்கிய சில காளான்களைக் காஸ்ரன் வேறு சாதியாக வைத்திருந்தார். அவற்றின் வித்தியும் இவ்வாறே இருந்தபடியால் பின்வந்தோர் கனோடேர்மாவுக்குள் சேர்த்தார்கள்.

ஆனால் வித்தி சாதியைத்தான் காட்டும். இனத்தைப் பிரிக்க இன்று டி.என்.ஏ. பரிசோதனை வேண்டியிருக்கிறது. மலேசிய எண்ணெய்ப்பனையைக் கொல்வது பொனினென்சே என்ற வேறு இனம் என்று தெளிவாயிற்று. அது இலங்கைத் தென்னைகளிலும் பதிவாகியுள்ளது. சீன மருந்துக் காளானும் ஐரோப்பிய லூசிடம் அல்ல என்று கண்டு, 2012இல் அதற்குப் புதுப்பெயர் இட்டார்கள். ஆகவே, கடையில் விற்கும் மருந்து இதுதானே என்று கட்டையிலுள்ளதை அவித்துக் குடிக்கவேண்டாம்.

இக்காளான்கள் மரத்துக்கு வலுத்தரும் இலிக்னினையே உண்பவை. உண்ட இடம் வெளுத்து, நாராகி, நொய்ந்துபோகும். சில இனங்கள் செத்த மரத்தோடு நின்றுவிடும். சில உயிருள்ள வேருக்குள்ளும் நுழையும். எது எதுவென்று கண்ணாற் சொல்லமுடியாது. எனவே தென்னங்கட்டையிற் கண்டதைக் கெட்டதென்றே கொள்ளுங்கள். தட்டை உடைத்தெறிந்தாற் போதாது. பூஞ்சணம் கட்டையிலும் வேரிலும் வாழ்ந்து, வேரோடு வேர் முட்டும்போது அடுத்த மரத்துக்குப் போகும். கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எரிக்கவேண்டும். (கண்ணிவெடி அகற்றி உறுதிசெய்யப்படாத காணியில் மண்வெட்டி வைக்கவே வேண்டாம்.) பழைய குழியிலேயே தென்னம்பிள்ளையை நடாதீர்கள்.

நிற்கிற மரத்தில் அடியோலைகள் வாடித் தொங்கி, அடித்தண்டிற் செம்மண்ணிறச் சாறு கசிந்தால் சந்தேகப்படுங்கள். தட்டு வெளியே தெரியும்போது மரம் உள்ளே பெரும்பாலும் உக்கியிருக்கும். அம்மரத்தைச் சுற்றி அகழி வெட்டி மற்ற வேர்களிலிருந்து பிரித்துவிடுங்கள். அயல் மரங்களுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், தண்ணீர் வசதியிருந்தால் இடையே வாழை வைப்பதும் தமிழ்நாட்டில் இந்நோய்க்குச் சிபாரிசு செய்யப்பட்டவை.