மரத்தை வளர்த்தோம், அளக்கக் கற்றோமா?

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி, கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக மரம் வாங்கி வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவருடன் அண்மையில் ஒரு நாள் முழுவதும் சுற்றினேன். "பேரை மட்டும் போட்றாதீங்க சார், நாளைக்கு நான் மரம் கேட்டுப் போகணும்ல" என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் உரக்கணக்கு சொல்லியே பழகிய எனக்கு அந்த நாள் வேறொரு பாடமாக அமைந்தது.

காலை ஆறு மணிக்கு டீக்கடையில் ஆள் சேர்கிறது. ஆறு பேர், ஒரு டிராக்டர், இரண்டு மோட்டார் ரம்பங்கள், கோடாரி, வெட்டரிவாள், ஆப்பு, கை மொத்தத்தில் ஒரு வடக்கயிறு. அன்றைய முதல் வேலை, வீட்டை ஒட்டி நின்ற ஒரு பெரிய பலா மரம்.

கொண்டையைப் பார்க்கும் கண்

போன உடனே யாரும் ரம்பத்தை எடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். "எல்லாரும் தூரைப் பாப்பாங்க. நாங்க முதல்ல கொண்டையைத்தான் பாப்போம்" என்றார். எந்தப் பக்கம் கிளை பாரம், எது பட்டுப்போன கிளை, மின்கம்பி எவ்வளவு தூரம், காற்று எங்கிருந்து வருகிறது என்று வரிசையாகக் கவனித்தார். கம்பி பக்கத்தில் இருந்ததால் மின்வாரிய ஊழியரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஆள் மரத்தில் ஏறினார்.

அடுத்து, கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டினார். "கிண்ணுன்னு கேட்டா மரம் கெட்டி. பொத்துன்னு கேட்டா உள்ளே ஒண்ணும் இல்ல." போன மாதம் வாங்கிய ஒரு பலா வெளியே யானை மாதிரி இருந்ததாம். வெட்டிப் பார்த்தால் நடுவில் மண். கூலியும் வண்டி வாடகையும் அவர் கையிலிருந்து போயின.

மூன்றாவதாகப் பார்ப்பது பொந்தை. ஆந்தைக் குஞ்சு இருந்தால் பறக்கும் வரை அந்த மரத்தைத் தள்ளி வைத்துவிடுவார்களாம். "பாவம் பாக்கறது ஒரு பக்கம். அது இல்லேன்னா வயக்காரனுக்கு எலித் தொல்லை தாங்காதே." கூகைக்கு எலிதான் முக்கிய இரை. வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வையுங்கள் என்று நாங்கள் கூட்டம் போட்டுச் சொல்கிறோம். இவர் அதைத் தொழிலிலேயே கடைப்பிடிக்கிறார்.

மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு 'வாய்' வெட்டுகிறார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில் சற்று உயரத்தில் ரம்பம் ஓடுகிறது. இரண்டு வெட்டும் சந்திக்காமல் நடுவே ஒரு பட்டை மரத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பட்டைதான் கதவின் கீல் போல நின்று, மரத்தைச் சொன்ன பக்கம் சாய்க்கிறது. அனுபவம் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கூலியை மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்டவர்களை ஊருக்கு ஊர் கேள்விப்படுகிறோம்.

கஜா கற்றுத் தந்தது

பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது பேச்சு கஜா புயலுக்குப் போனது. 2018 நவம்பர் 16 அதிகாலை அடித்த அந்தப் புயலை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. தென்னைக்கு அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அகற்றுவதற்கு. "அதுவரைக்கும் மரத்துக்கு நாங்க காசு குடுப்போம். அந்த வருஷம் மரத்தை எடுத்துக்கிட்டுப் போக எங்களுக்குக் காசு குடுத்தாங்க. அதை வாங்கக் கை கூசிச்சு சார்" என்றார்.

விழுந்த ஆயிரக்கணக்கான மரங்களின் தூரைப் பார்த்தவர் அவர். கிளைகளை அளவாகக் கழித்து வைத்திருந்த பலாவும் வேம்பும் பல இடங்களில் தப்பின, கொண்டை கனத்த மரங்கள் சாய்ந்தன என்கிறார். அடர்ந்த கொண்டை காற்றைத் தேக்கிப் பாய்மரம் போல இழுக்கும் என்பதால் இதில் வியப்பில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வீட்டோரம், மோட்டார் கொட்டகையோரம் உள்ள மரங்களில் பட்ட கிளைகளையும் ஒரு பக்கமாகக் கனத்த கிளைகளையும் கழித்துவிடுவது நல்லது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். வெட்டிய தென்னைத் துண்டுகளைத் தோப்பிலேயே போட்டு வைத்த இடங்களில், பிறகு நின்ற மரங்களிலும் வண்டு குடைந்தது. இதைத்தான் பூச்சியியல் பாடமும் சொல்கிறது. மட்கும் தென்னைத் தண்டிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். புதிதாக வெட்டிய தூரின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். ஆகவே தென்னையை வெட்டினால் தண்டையும் தூரையும் தோப்பிலிருந்து அப்புறப்படுத்தும் வரை வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். விலை பேசும்போதே தூரை யார் எடுப்பது என்பதையும் பேசிவிடுங்கள்.

நான்கு தேக்கு மரங்கள்

பிற்பகலில் வரப்பில் நின்ற நான்கு தேக்கு மரங்களைப் பார்க்கப் போனோம். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா. மரங்களை நட்டவர் அவருடைய கணவர், இப்போது இல்லை. மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கிறார். ஒப்பந்தக்காரர் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு நான்குக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். "நீங்க பாத்துச் சொன்னா சரிதான் தம்பி" என்ற அந்த அம்மா, என் பக்கம் திரும்பி, "சார் படிச்சவங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. காலையிலிருந்து அவருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 1990-களின் இறுதியில் என் கல்லூரிக் கட்டணத்துக்காக அப்பா இரண்டு பலாவும் ஒரு வேம்பும் விற்றது நினைவுக்கு வந்தது. அன்றும் யாரும் டேப் பிடிக்கவில்லை. வாங்கியவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களிடம் எந்த அளவும் இல்லாததால், ஏமாந்தோமா இல்லையா என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஒப்பந்தக்காரரிடமே கேட்டேன்: "வெட்டிய பிறகு அளந்து, கன அடிக்கு இவ்வளவு என்று வாங்கினால் உங்களுக்கு நஷ்டமா?" சிறிது நேரம் யோசித்தார். "நஷ்டம் இல்ல சார். பொந்து மரமா இருந்துட்டா எனக்குத்தான் மிச்சம். அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் நாங்க மொத்த விலையைக் குறைச்சுக் கேக்கறோம். ஆனா அளந்து வாங்குங்கன்னு எங்ககிட்ட யாரும் கேக்கறதில்லையே" என்றார்.

அளப்பது எப்படி?

கணக்கு எளிது. கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் அளந்து 4-ஆல் வகுக்க வேண்டும். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, கட்டையின் நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும்.

நடுச்சுற்று 48 அங்குலம், நீளம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 48-ஐ 4-ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144. அதைப் பத்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 10 கன அடி.

அதே கட்டையைச் சிறுத்த முனையில் அளந்து 40 அங்குலம் என்று எடுத்தால், கணக்கு 7 கன அடிக்கும் சற்றுக் குறைவாக வரும். டேப்பை எந்த இடத்தில் சுற்றுகிறோம் என்பதிலேயே மூன்று கன அடி போய்விடுகிறது. தேக்கு என்றால் அது சில ஆயிரம் ரூபாய். ஆகவே நடுச்சுற்று என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இந்த நான்கில் ஒரு பங்குக் கணக்கே, உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைத்துத்தான் காட்டும். பட்டை, அறுவைச் சேதாரம் ஆகியவற்றுக்காக என்று வியாபாரத்தில் வழக்கமாகிவிட்ட கழிவு அது. அதற்கு மேலும் 'பட்டைக்கு' என்று கழிக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

சவுக்கு போன்றவற்றை எடைக்கு விற்கிறோம். வெட்டிய சவுக்கு நாளுக்கு நாள் ஈரம் இழந்து எடை குறையும். வெட்டிய அன்றே, முடியாவிட்டால் மறுநாளே எடை போடும்படி ஏற்பாடு செய்யுங்கள். எடைமேடைக்கு வீட்டில் ஒருவர் கூடவே போக வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக்கூடாது. தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கால், சாலைப் புறம்போக்கில் நிற்கும் மரம் நம் வரப்பை ஒட்டியே இருந்தாலும் நமதல்ல.

மீதி இரண்டு

அந்த வரப்பில் கடைசியில் முடிவானது இதுதான். அனுமதி வாங்கிய பிறகு இரண்டு மரங்களை மட்டும் வெட்டுவது. கன அடிக்கு விலை. அந்த அம்மாவின் தம்பி கூட நின்று அளப்பது. மற்ற இரண்டைப் பற்றி ஒப்பந்தக்காரரே சொன்னார்: "அது ரெண்டும் இன்னும் வைரம் பிடிக்கலக்கா. இப்ப வித்தா வெள்ளை மரம் விலைதான் கிடைக்கும். பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும், விட்டு வைங்க." திரும்பும் வழியில், "இன்னைக்கு உங்களால எனக்கு லாபம் குறைஞ்சுச்சு சார்" என்று சிரித்தார்.

அவர் ஆண்டு முழுவதும் நாள்தோறும் மரம் வாங்குகிறார். நாம் பத்து ஆண்டுக்கோ இருபது ஆண்டுக்கோ ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் பண முடையில், விற்கிறோம். இந்த இடைவெளியை நிரப்ப ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும். இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதே, வரப்பு மரங்களையும் நெஞ்சு உயரத்தில் ஒரு முறை சுற்றளவு எடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் அதையே செய்து வந்தால், மரம் வளர்கிறதா, நின்றுவிட்டதா, விற்கும் பருவம் வந்துவிட்டதா என்பதை அந்த நோட்டே சொல்லும். விலை பேச வருபவர் முன்னால் அதை விரித்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.