அவர்களே பேசட்டும்

பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு கூச்சம் உண்டு. வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கத் தயங்குவதைப் போன்றது அது. அரசாங்க அலுவலகத்துக்குச் சென்று ஒன்றைக் கேட்க வேண்டுமானால், "இது நம் ஊர் அன்றே, நமக்கு யார் கொடுப்பார்கள்?" என்று விடையையும் நாமே சொல்லிக்கொண்டு வாயிற்படியிலிருந்தே திரும்பிவிடுகிறோம். வீட்டில் நடக்க இயலாத பிள்ளையோ, செவிப்புலன் இழந்த பெண்ணோ, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த தமையனோ இருந்தால் இந்தக் கூச்சம் இரு மடங்காகிறது. "அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுகிறோம். பொங்கல் வருகிறது, விடுமுறை நாளில் மருத்துவக் குழு கூடுவதில்லை, பிள்ளைக்கு மட்டும் வயது ஏறிக்கொண்டே போகிறது.

இவ்வாறு ஒத்திப்போட வேண்டிய தேவை சிறிதும் இல்லை என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறோம். அதற்கு முன், இன்று நாம் கேட்டுப் பெறக்கூடியவை எப்படி உண்டாயின என்பதைத் தெரிந்துகொள்வது நலம். இரக்கமுள்ள பெரியவர்கள் தாமாக முன்வந்து கொடுத்தவை அல்ல அவை. உடற்குறை உடையவர்களே கேட்டு, கேட்டும் கிடைக்காதபோது தாமே கட்டி எழுப்பியவை.

நம் நகரத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. லிங்கராஜபுரம் பக்கம் போகிறவர்கள் ஹட்சின்ஸ் சாலையருகே ஒரு பெரிய வளாகத்தைக் கண்டிருப்பார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் பகுதிதான் அது. எனினும் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. என். எஸ். ஹேமா என்னும் அம்மையார், தாமே இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர், 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய சங்கம் அங்கே இயங்குகிறது. ஏ.பி.டி. என்ற மூன்றெழுத்துப் பெயரால் அதனை அறிவர். மற்றப் பிள்ளைகளும் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் 'சிரத்தாஞ்சலி' பள்ளி, தொழிற்பயிற்சி, செயற்கை உறுப்புகளும் சக்கர நாற்காலிகளும் செய்து தரும் பட்டறை, ஜீவன் பீமா நகரில் தோட்டக்கலைப் பயிற்சி நிலையம் என்று அது கிளைத்து வளர்ந்திருக்கிறது. ஹேமா அம்மையார் தொடங்கிய நாளில் உடற்குறை உடையோரின் உரிமைக்கென்று நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. அத்தகைய முதற்சட்டம் பிறக்க அதன்பின் 36 ஆண்டுகள் ஆயின.

நம் நகரத்தோடு தொடர்புடைய மற்றொரு வரலாறு தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த எஸ். ராமகிருஷ்ணன் என்ற இளைஞர், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளப் பெங்களூருக்கு வந்தார். 1975-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், உடல் திறத் தேர்வின்போது தவறி விழுந்தார். தண்டுவடம் அடிபட்டது, கழுத்துக்குக் கீழ் இயக்கம் போயிற்று. எந்த ஊருக்கு வேலை தேடி வந்தாரோ அந்த ஊரிலேயே வாழ்வு இரண்டாகப் பிளந்த கதை இது. நம்மவர்க்கு இதன் கனம் தனியே விளக்க வேண்டியதில்லை.

அவர் தென்காசியருகே உள்ள தம் ஊராகிய ஆய்க்குடிக்குத் திரும்பினார். வீட்டின் ஒரு மூலையில் கட்டிலில் கிடந்து காலத்தைக் கழித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1981-இல், உலக நாடுகள் உடற்குறை உடையோருக்கென்று அறிவித்த அதே ஆண்டில், தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் என்பவரின் பெயரால் 'அமர் சேவா சங்கம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் எஸ். சங்கரராமன் என்னும் கணக்காயர் சென்னையை விட்டு வந்து அவரோடு சேர்ந்துகொண்டார். தசைச் சிதைவு நோயால் அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர். இருவர் தலைமையிலும் பள்ளியும் மறுவாழ்வு மருத்துவமும் கிராமந்தோறும் சென்று குழந்தைகளைக் கண்டறியும் பணியும் பெருகின. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்ப்புறத்தில் உடற்குறை உடையவர்கள் சுய உதவிக் குழுக்களாகக் கூடித் தம் தேவைகளைத் தாமே பேசுகிறார்கள் என்பதையே விருதினும் பெரிதாக நாம் கருதுகிறோம்.

இனி டில்லிக்கு வருவோம். பிறவியிலேயே முதுகெலும்புக் குறையுடன் பிறந்து, பதினைந்து வயது முதல் சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் அபிதி என்பவர், 1990-களில் தம்மைப் போன்றவர்களைத் திரட்டிப் பாராளுமன்றத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தினார். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்ததில் அந்தக் கிளர்ச்சிக்குப் பெரும் பங்குண்டு. பிறகு அவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பக்கம் திரும்பினார். 1981-இல் கேட்கப்பட்ட உடற்குறை பற்றிய கேள்வி 1991-இல் கைவிடப்பட்டிருந்தது. எண்ணப்படாதவனுக்குப் பங்கு யார் வைப்பார்கள்? போராடி அக்கேள்வியை 2001-இல் மீண்டும் சேர்க்கச் செய்தார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் 2.68 கோடிப் பேர். கர்நாடகத்தில் மட்டும் 13 லட்சத்துக்கு மேல்.

அபிதியைப் பற்றி இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2001 ஜனவரியில் அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, குதுப்மினார் போன்ற இடங்களில் அவருடைய சக்கர நாற்காலிக்காக மரத்தாலான சாய்தளங்கள் போடப்பட்டன. விருந்தாளிக்குச் சில நாட்களில் முடிவது சொந்தக் குடிமக்களுக்கு ஏன் முடியவில்லை என்று இங்குள்ளவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே!

இந்தக் குரல்களின் விளைவாக, ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2007-இல் இந்தியா ஏற்றது; பழைய சட்டத்தின் இடத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. அச்சட்டத்தின் 58-ஆம் பிரிவில் ஒரு சிறு வாக்கியம் உண்டு. புலம்பெயர்ந்த குடும்பங்கள் அதனை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. முறைப்படி வழங்கப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதிலும் செல்லும் என்பதே அது. வேலூரில் பெற்ற சான்றிதழ் பெங்களூரில் செல்லாது என்று யாரேனும் சொன்னால் அது சட்டத்துக்கு மாறான பேச்சு.

இன்னும் சான்றிதழே பெறாதவர்கள் இங்கேயே விண்ணப்பிக்கலாம். முகவரிச் சான்று எந்த மாவட்டத்தைக் காட்டுகிறதோ அங்குள்ள மருத்துவ அதிகாரியிடம் கேட்பது ஒரு வழி. நோயாளி சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலேயே கேட்பது மற்றொரு வழி; விதிகள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. ரேஷன் அட்டை திருவண்ணாமலையில் இருக்க, பிள்ளை பெங்களூர் அரசு மருத்துவமனையில் காட்டப்பட்டு வருகிறதென்றால், அந்த இரண்டாம் வழி நமக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. மருத்துவர் முடிவில் குறை கண்டால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். யு.டி.ஐ.டி. எனப்படும் அடையாள அட்டையும் நாடெங்கும் ஒன்றே. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கே சட்டத்தின் பெரும்பாலான சலுகைகள் உரியன: 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் அரசு வேலைகளில் 4 விழுக்காடும் இட ஒதுக்கீடு. ஊருக்குப் போகும் ரயிலில், துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்க்குப் பல வகுப்புகளில் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கும் அது கிடைக்கும். மாத உதவித்தொகை மட்டும் அந்தந்த மாநிலத்தின் குடியிருப்பு விதியைப் பொறுத்தது. இரண்டு மாநிலத்திலும் பெற எண்ணுவது தவறு. ஓரிடத்திலும் பெறாமல் இருப்பது அறியாமை.

அலுவலகத்தைத் தேடும்போது 'விகலசேதனர' என்ற கன்னடச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்க. தமிழ்நாட்டில் 2010 முதல் வழங்கும் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் இங்குள்ள பலகைகளில் இராது. கேட்டது கிடைக்காவிட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். முறையீட்டை விசாரிக்கையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. பார்வையற்றோர்க்கு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் 'சமர்த்தனம்', 'மித்ர ஜோதி' ஆகிய நிலையங்கள் இருக்கின்றன. இரண்டையும் தோற்றுவித்தவர்கள் பார்வைக்குறை உடையவர்களே.

சட்டமும் நிலையங்களும் ஒருபுறம் இருக்கட்டும். இதனினும் கடினமான ஒன்று நம் வீட்டுக்குள் இருக்கிறது. மருத்துவர் பையனைப் பார்த்து "உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறார். தாயார் பதில் சொல்கிறார். பள்ளித் தலைமையாசிரியர் "என்ன பாடம் பிடிக்கும்?" என்று கேட்கிறார். தந்தையார் பதில் சொல்கிறார். பக்கத்து வீட்டார் பேர் கேட்டாலும் அண்ணன் முந்திக்கொள்கிறான். அன்பினால்தான் செய்கிறோம், பிள்ளை திணறுவதைக் காணப் பொறுக்காமல்தான் செய்கிறோம். ஆயினும் இருபது ஆண்டுகள் இவ்வாறு நடந்தபின், "அவனுக்கு ஒன்றும் பேசத் தெரியாது" என்று நாமே சொல்கிறோம். பேச இடம் எப்போது கொடுத்தோம்?

அறிவு வளர்ச்சி குன்றியவர்களும் தமக்காகத் தாமே பேச முடியுமா என்று சிலர் ஐயுறுவர். 1974-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் அத்தகையோரே கூடித் தம் மாநாட்டைத் தாமே நடத்தினார்கள். தம்மைக் குறையின் பெயரால் அழைக்க வேண்டா, முதலில் மனிதர் என்று அழையுங்கள் என்றனர். அந்த இயக்கம் பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும் இந்த எண்ணத்தைத் தொட்டிருக்கிறது. ஒருவருக்காக முடிவெடுக்கக் காப்பாளர் நியமிக்கப்பட்டாலும், அவர் அந்த மனிதரைக் கலந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய மகளுக்குச் சொத்தையோ இருப்பிடத்தையோ முடிவு செய்யும்போது, அவளை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவர்கள் பேசும் வழக்கம் சட்டத்தின் நோக்கோடு பொருந்தாது.

இதனைப் பழக்க ஒரு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. கடையில் காசு கொடுத்து மீதி வாங்குவதை அவனே செய்யட்டும். மருத்துவர் அறைக்குள் போகுமுன், சொல்ல வேண்டிய மூன்று செய்திகளை அவனோடு பேசி எழுதிக்கொள்ளலாம். பேச்சுப் பயிற்சி தருவோரிடம், வீட்டு மொழி தமிழ் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். சில பெற்றோர், குழந்தை குழம்பிவிடும் என்று அஞ்சித் தமிழையே நிறுத்திவிடுகின்றனர். பாட்டியோடும் தாயோடும் பேசும் மொழி போய்விட்டால் அக்குழந்தை யாரிடம் எதைக் கேட்கும்? கன்னடம் தெருவிலும் பள்ளியிலும் வந்து சேரும், சேரவும் வேண்டும்.

தைத் திருநாள் விழாவுக்கும் நாடகத்துக்கும் நம்மவர் இந்நகரில் மண்டபங்களைத் தேடுகின்றனர். நாட்டிலுள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் யாவரும் புழங்கத்தக்கவை ஆக்க வேண்டுமென்று சட்டம் வைத்த கெடு 2022-இல் முடிந்தது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விடலாகாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பர் 8-ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2011 முதல் ஓடும் நம்ம மெட்ரோவின் நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. நிலையத்திலிருந்து மண்டபம் வரையுள்ள நடைபாதையைப் பற்றி எழுதினால் இந்த இதழ் போதாது. ஆகவே மண்டபம் பார்க்கப் போகும் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். "சாய்தளம் இருக்கிறது" என்று மண்டபத்தார் சொல்வர். அதன் சரிவு ஏறத்தக்கதா, கழிவறைக் கதவின் வழியே நாற்காலி நுழையுமா, மேடைக்குப் படியன்றி வேறு வழி உண்டா என்பவற்றை அவ்விருவரே பார்த்துச் சொல்லட்டும். முன்பணம் அதன்பின் கொடுக்கலாம்.