டில்லியைக் காணும் விதம்

தென்னாட்டார் டில்லிக்குப் போவது முன்னொரு காலத்தில் காசி யாத்திரையைப் போல அரிய காரியமாக இருந்தது. இன்றைக்கு அப்படியில்லை. சென்னைக்கும் டில்லிக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் தூரத்தை ரயில் இரண்டு இரவுகளில் கடந்துவிடுகிறது. ஆகாய விமானத்திற்கோ மூன்று மணி நேரம் போதும். போவது எளிதாகிவிட்டது. பார்ப்பது எளிதாயிற்றா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

காலையில் ஒரு வண்டியை அமர்த்திக்கொண்டு, குதுப் மினாரில் அரைமணி, செங்கோட்டையில் ஒரு மணி, இந்தியா கேட்டில் கால்மணி, எஞ்சிய பொழுது கடைத்தெருவில் என்று ஓடி, இரவில் கைநிறையப் புகைப்படங்களுடன் விடுதிக்குத் திரும்புவோர் பலர். அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் ஒரு தேசத்தின் தலைநகரம் பொருட்காட்சிச் சாலையன்று. அங்குள்ள ஒவ்வொரு கல்லும் நம் மூதாதையரின் மானத்தோடும் அவமானத்தோடும் சம்பந்தப்பட்டது. அதை அறியாமல் கல்லை மட்டும் பார்த்துத் திரும்புகிறவன் டில்லியைக் கண்டவனாகமாட்டான்.

மெஹரோலியிலிருந்து தொடங்குவது முறை. 72.5 மீட்டர் உயர்ந்து நிற்கும் குதுப் மினாரின் அருகில், சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரும்பாலும் துருவேறாத இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. நம் நாட்டுக் கொல்லர்களின் திறமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. அங்குள்ள மசூதியின் தூண்களைக் கூர்ந்து நோக்கினால் அவை கோயில் தூண்கள் என்பது விளங்கும். 27 கோயில்களின் பகுதிகளைக் கொண்டு கட்டியதாக அங்குள்ள சாசனமே கூறுகிறது. இதை மறைக்க வேண்டிய அவசியமுமில்லை. இதைக் கொண்டு இன்றைய அண்டை வீட்டானைப் பகைக்க வேண்டிய அவசியமுமில்லை. சரித்திரத்தை உள்ளபடி அறியும் துணிவும், அதற்காகப் பழிதீர்க்க முற்படாத பெருந்தன்மையும் ஒருங்கே உடையவர்களே சுயராஜ்யத்திற்குத் தகுதியுடையவர்கள்.

அடுத்துக் காண வேண்டியது ஹுமாயூன் சமாதி. அதன் தோட்டத்தையும் சலவைக்கல் கவிகையையும் வியந்து செல்வோர் மிகுதி. அங்கு நடந்ததை நினைப்போர் சிலரே. 1857-ஆம் ஆண்டு மே மாதம் மீரத்தில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் டில்லிக்கு வந்து, எண்பது வயதைக் கடந்த பகதூர் ஷாவைத் தங்கள் தலைவராக ஏற்றனர். அவர்களில் ஹிந்துக்கள் இருந்தனர், முஸ்லிம்கள் இருந்தனர். அந்நியனை எதிர்க்க ஒரு பொதுவான கொடி அவர்களுக்கு வேண்டியிருந்தது. செப்டம்பரில் நகரம் வீழ்ந்தபோது, அம்முதியவர் தம் முன்னோரின் இந்தச் சமாதியிலேதான் ஹாட்ஸன் என்னும் ஆங்கிலேயனிடம் சிறைப்பட்டார். அரசகுமாரர் மூவரை அவன் நகர வாயிலருகே நிறுத்திச் சுட்டுக் கொன்றான். அவ்வாயில் இன்றும் ‘கூனி தர்வாஜா’, அதாவது இரத்த வாயில், என்ற பெயருடன் பெருஞ்சாலை நடுவே நிற்கிறது. அங்கே வண்டியை நிறுத்துவோர் எத்தனை பேர்?

செங்கோட்டைக்குள் நுழைந்து, இடையிடையே வெற்றிடமாகப் பரந்து கிடக்கும் நிலத்தைக் கண்டு, ஷாஜஹான் இவ்வளவுதான் கட்டினானா என்று சிலர் வியக்கிறார்கள். அது வெற்றிடமன்று, தழும்பு. 1648-இல் கட்டி முடிந்த அந்த அரண்மனையின் பெரும்பகுதியை 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். அவ்விடத்தில் பட்டாளக் கொட்டடிகளை எழுப்பினர். இடிபட்ட மாளிகையைப் போலவே அதன் மன்னரும் நடத்தப்பட்டார். 1858-இல் அதே கோட்டையில் அவர்மீது விசாரணை நடத்தி, ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862-இல் அவர் அங்கேயே காலமானார்.

ஆயினும் சரித்திரம் கணக்குத் தீர்க்காமல் விடுவதில்லை. 1943-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே ரங்கூனில், பகதூர் ஷாவின் சமாதிமுன் இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்து நின்றது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அஞ்சலி செலுத்தினார். ‘டில்லி சலோ’ என்பது அப்படையின் முழக்கம். மலேயாத் தோட்டங்களில் ரப்பர்ப் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளரும் அப்படையில் திரளாகச் சேர்ந்திருந்தனர் என்பதைத் தமிழர் மறத்தலாகாது. படை டில்லியை அடையவில்லை. ஆனால் அதன் தளபதிகள் கைதிகளாக டில்லிக்குக் கொண்டுவரப்பட்டனர். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் ஸாகல், குர்பக்ஷ் சிங் தில்லன் ஆகிய மூவர்மீதும் அதே செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. ஒருவர் முஸ்லிம், ஒருவர் ஹிந்து, ஒருவர் சீக்கியர்! புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை நிறைவேற்றும் தைரியம் சர்க்காருக்கு இல்லாமற் போயிற்று. 1946 ஜனவரியில் மூவரும் விடுதலையாயினர். 1947 ஆகஸ்டு 16-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு அக்கோட்டை மதிலில் தேசியக் கொடியை ஏற்றினார். இவ்வளவும் நிகழ்ந்த இடத்தை, முகலாயர் கட்டியது என்னும் ஒரே காரணத்தால் நமக்கு அந்நியமானது என்று ஒருவன் சொல்வானாகில், அவன் 1857-இல் மடிந்த சிப்பாயையும் 1945-இல் கூண்டில் நின்ற வீரனையும் ஒருங்கே மறுதலிக்கிறான் என்போம்.

இனிப் புது டில்லி. கல்கத்தாவிலிருந்து தலைநகரை மாற்றுவதாக 1911 டிசம்பர் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். வெள்ளையர் ஆட்சி நிரந்தரம் என்ற எண்ணத்தில், 340 அறைகள் கொண்ட வைஸ்ராய் மாளிகையும் அகன்ற வீதிகளும் எழுந்தன. காரியாலயக் கட்டடம் ஒன்றின்மீது, சுதந்திரம் ஒரு ஜனங்களிடம் தானாக இறங்கி வராது, ஜனங்களே அதனிடம் உயர வேண்டும் என்ற பொருளில் உபதேசம் ஒன்றையும் செதுக்கி வைத்தார்கள். உபதேசம் நல்லதே, சொன்னவர்கள்தாம் அதன் பொருளை அறியவில்லை. 1931 பிப்ரவரியில் புதுத் தலைநகரின் திறப்பு விழா நடந்தது. விழாக் கோலம் கலைவதற்குள், அதே மாதம் 17-ஆம் தேதி, சிறையிலிருந்து வெளிவந்து மூன்று வாரமே ஆன காந்தியடிகள் அம்மாளிகைப் படிகளில் ஏறிச் சென்று இர்வின் பிரபுவுடன் சமமாக அமர்ந்து பேசினார். அது கண்டு சர்ச்சில் துரை வயிறெரிந்ததை உலகம் அறியும். பதினாறு ஆண்டுகளில் மாளிகை கைமாறிற்று.

நகரின் வடபால், தர்பார் நடந்த இடத்தில் முடிசூட்டுப் பூங்கா ஒன்று இருக்கிறது. இந்தியா கேட்டின் அருகே கல்மண்டபத்தில் கம்பீரமாக நின்றிருந்த ஐந்தாம் ஜார்ஜின் சிலை 1968-இல் அகற்றப்பட்டு, பின்னர் இப்பூங்காவில் வைக்கப்பட்டது. பல ஆண்டுகள் வெறிதாயிருந்த அந்த மண்டபத்தில் 2022-இல் நேதாஜியின் சிலை எழுந்தது. இவ்விரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பவனுக்கு ஏகாதிபத்தியத்தின் ஆயுளைப் பற்றி வேறு புத்தகம் தேவையில்லை.

யாத்திரையை முடிக்க வேண்டிய இடம், காந்தியடிகள் தமது இறுதி 144 நாட்களைக் கழித்த பிர்லா மாளிகை. 1948 ஜனவரி 30 மாலை அவர் பிரார்த்தனைக்கு நடந்து சென்ற அடிச்சுவடுகள் கல்லில் குறிக்கப்பட்டிருக்கின்றன. டில்லியில் இரத்தம் சிந்தப்பட்ட இடங்கள் அநேகம். அந்நியனால் அன்றி நம்மவன் ஒருவனால், ஒற்றுமையைப் போதித்த குற்றத்திற்காக இரத்தம் சிந்தப்பட்ட இடம் இது. இங்கே தலைகுனிந்து நிற்காமல் திரும்புகிறவன் செங்கோட்டையில் தலைநிமிர்வதற்கு உரிமையற்றவன்.

பிரயாணிகளுக்கு இரண்டொரு வார்த்தை. குறைந்தது மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். செங்கோட்டையும் பிர்லா மாளிகையும் திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். புராதனச் சுவர்களில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைக்கும் இழிவான பழக்கம் நம்மவரை இன்னும் விட்டபாடில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சட்டத்திற்கு அஞ்சியா நம் சொத்தை நாம் காக்க வேண்டும்? அன்று அரண்மனையை இடித்தவன் அந்நியன், அவனை நிந்திக்கிறோம். எஞ்சியதைக் கீறிக் கெடுப்பவன் நம்மவனானால், நிந்திக்க நமக்கு வாயேது?

டில்லியைப் பாருங்கள்; பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எந்த மன்னன் எதைக் கட்டினான் என்பதோடு நிறுத்திவிடாமல், யார் அதை இடித்தார்கள், யார் அதற்காக உயிர் நீத்தார்கள், யார் அதை மீட்டார்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். மீட்டதைக் காப்பது அவர்கள் கையில் இருக்கிறது.