தவளைக்கு அடியில் ஓர் ஆறடி மனிதர்

சதுப்பு நிலம். தண்ணீருக்கு நடுவே ஒரு மரக்கட்டை. அதன் மேல் ஒய்யாரமாக உட்கார்ந்து, பாஞ்சோ மீட்டியபடி பாடுகிறது கெர்மிட் தவளை. 1979-ல் வந்த ‘தி மப்பெட் மூவி’யின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆஹா, என்ன ஓர் அமைதி!

அமைதியாவது ஒன்றாவது! அந்தக் கட்டைக்குக் கீழே, தண்ணீருக்குள் இறக்கிய உலோகத் தொட்டியில், ஆறடிக்கும் அதிகமான உயரம் கொண்ட ஒருவர் மூட்டையாக முடங்கிக் கிடக்கிறார். மூச்சு விட ஒரு குழாய். மேலே நீர் புகாத ரப்பர் உறை. அதன் வழியே நீண்ட கை தவளையின் வயிற்றுக்குள். எதிரே குட்டி டிவி. கெர்மிட்டின் குரலும் அவருடையதுதான். யார் அவர்? கெர்மிட்டைப் பெற்றெடுத்த ஜிம் ஹென்சனேதான்! 1955-ல் அம்மாவின் பழைய கோட்டையும் பிங்பாங் பந்தையும் வெட்டி முதல் கெர்மிட்டைச் செய்தவர், இப்போது அதற்காகத் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

டிவி எதற்கு? மப்பெட் எனப்படும் இந்தப் பொம்மைகளை ஆட்டும் கலைஞர்கள் அவற்றை அண்ணாந்து பார்ப்பதில்லை. கேமரா பார்ப்பதை டிவியில் பார்த்தே ஆட்டுகிறார்கள். அது கண்ணாடி மாதிரி காட்டாது. நீங்கள் உங்கள் வலப்பக்கம் நகர்ந்தால், திரையில் பொம்மை இடப்பக்கம் போகும். பழகும்வரை தலை சுற்றும்! வலது கை பொம்மையின் தலைக்குள் போய்விடுவதால், மிச்சமிருக்கும் இடது கைதான் பொம்மையின் கையை ஆட்டும். அதனால்தான் மப்பெட்டுகளில் பெரும்பாலானோர் இடக்கைக்காரர்கள். அந்தக் கையை அசைக்கும் மெல்லிய கம்பி எங்காவது பளிச்சிடுகிறதா? பிழை பிடிக்கும் ரசிகர்கள் முதலில் துழாவுவது அதைத்தான்.

அடுத்து, ஃபாஸி கரடி கார் ஓட்டும் காட்சி. 1951-ம் ஆண்டு ஸ்டூடிபேக்கர். கரடியை ஆட்டும் ஃப்ராங்க் ஆஸ் முன்பக்கத்தில் பதுங்கியிருக்கிறார். அப்படியென்றால் ஸ்டியரிங் யார் கையில்? டிக்கியைத் திறந்து பாருங்கள்! உயரம் குறைந்த ஓர் ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து, காரின் மூக்கில் பொருத்திய கேமரா அனுப்பும் படத்தை டிவியில் பார்த்தபடி ஓட்டுகிறார். முதல் சோதனை ஓட்டம் சொதப்பல். ஆனாலும் படப்பிடிப்பு தப்பிவிட்டது.

கெர்மிட் சைக்கிள் மிதிக்கும் காட்சியோ இன்னும் குறும்பு. கையில்லை, கம்பியில்லை, முழு உடம்பும் தெரிகிறது! தவளையின் கால்கள் பெடலோடும் கைகள் ஹேண்டில்பாரோடும் பிணைக்கப்பட்டிருக்க, மேலே கிரேனிலிருந்து இறங்கிய கண்ணுக்குத் தெரியாத நூல்கள் சைக்கிளைப் பிடித்திருந்தன. இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு பழைய பொம்மலாட்டக்காரரின் நூல்தான் கைகொடுத்தது!

ரௌல்ஃப் நாய் பியானோ வாசிக்க, கெர்மிட்டும் சேர்ந்து பாடும் டூயட்டை மறுபடி கேளுங்கள். இரண்டு குரலும் ஹென்சன். தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்ட மனிதர்!

இவ்வளவு பாடுபட்டுப் பிழைகளை மறைத்தவர்கள், பொய்ப் பிழைகளைத் தாங்களே தூவியதுதான் வேடிக்கை. படத்துக்குள் ஓடும் படம் பாதியில் அறுந்து திரை வெளுத்துப்போகும். புரொஜெக்டரை இயக்குவது ‘ஸ்வீடிஷ் செஃப்’ என்ற மப்பெட் ஆயிற்றே! நாயகர்கள் பாலைவனத்தில் தவிக்கும்போது, ‘எலக்ட்ரிக் மேஹெம்’ இசைக்குழு நேராக அங்கே வந்து நிற்கும். எப்படி இடம் தெரிந்தது? இதே படத்தின் திரைக்கதையைப் படித்துவிட்டார்களாம்!

கடைசிக் காட்சிக்கு 250-க்கும் மேற்பட்ட பொம்மைகள். அவற்றுக்குக் கீழே ஒரு பள்ளம்; பள்ளத்துக்குள் கைகளைத் தூக்கியபடி நெருக்கியடித்து நின்றவர்கள் 137 பேர். அந்தக் கூட்டத்தில் பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற டிம் பர்ட்டனும் இருந்தார். ஏற்கெனவே இயக்குநரான ஜான் லேண்டிஸும் ஒரு பொம்மையைத் தூக்கிப் பிடித்தார். திரையில் ஒருவர் முகமும் தெரியாது.

ஆனால் சந்தைத் திடல் காட்சியில், பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஒளிவுமறைவின்றி உட்கார்ந்திருக்கும் முதியவரைக் கவனியுங்கள். அவர் பொம்மைக் கலைஞர் எட்கர் பெர்கன். பொம்மையின் பெயர் சார்லி மெக்கார்த்தி. சின்ன வயதில் ஹென்சனை மயக்கிய ஜோடி அது. படம் வெளிவருவதற்கு முன்பே, 1978-ல் பெர்கன் மறைந்துவிட்டார். கைகளை ஒளிக்க இத்தனை கூத்தடித்த இந்தப் படம், முகத்தை ஒளிக்காத அந்தப் பொம்மைக்காரருக்குத்தான் சமர்ப்பணம்.