குடற் கிருமிகளும் புற்று நோயும்

வீட்டில் ஒருவருக்குப் புற்று நோய் கண்டுவிட்டால், "அவருக்கு என்ன ஆகாரம் கொடுக்கலாம்?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். இதற்கு ஊரார் கூறும் விடைகள் அநேகம். ஆராய்ச்சியாளர் கூறும் விடையை இங்கே பார்ப்போம்.

கிருமி என்றாலே நமக்கு அச்சம். ஆயினும் நமது பெருங்குடலில் கோடானு கோடி கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றுள் பல நமக்கு நன்மையே செய்கின்றன. காய்கறியிலும் தானியத்திலும் உள்ள நாரை நமது குடல் ஜீரணிக்க இயலாது. இக்கிருமிகளே அதைச் சிதைத்து, குடற்சுவருக்கு ஊட்டமளிக்கும் அமிலங்களை உண்டாக்குகின்றன. சரீரத்தின் காவற்படையாகிய வெள்ளை அணுக்களின் போக்கும் இவற்றால் மாறுபடுகின்றது.

புற்று அணுக்கள் இக்காவற்படையின் கைகளைத் தந்திரமாய்க் கட்டிவிடுவதுண்டு. அக்கட்டை அவிழ்க்கும் சிகிச்சைக்கு வழி கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிஸனுக்கும் ஜப்பானியர் தாஸுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஆனால் அம்மருந்து சிலருக்குப் பலிக்கிறது, பலருக்குப் பலிப்பதில்லை. ஏன்?

பாரிஸை அடுத்த குஸ்தாவ் ரூஸி நிலையத்தாரும், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம். டி. ஆண்டர்ஸன் நிலையத்தாரும் அதே ஆண்டில் ஒரு காரணத்தைச் சுட்டினர். சிகிச்சைக்குச் சற்று முன்போ பின்போ ஆன்டிபயாடிக் மருந்துகளை உண்டவர்களுக்கு அதன் பலன் குன்றியிருக்கப் பாரிஸார் கண்டனர். மருந்து பலித்தவர்களின் குடற் கிருமிகளை, கிருமியே அணுகாமல் வளர்த்த சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றுக்கும் மருந்து நன்கு பலித்தது. பலிக்காதவர்களின் கிருமிகளைப் பெற்ற எலிகளுக்கோ அவ்வாறு பலிக்கவில்லை!

2021-ல் ஹூஸ்டன் ஆராய்ச்சியாளர், தோலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுடைய 128 பேரின் ஆகாரத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். நாளொன்றுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் நார் உண்டவர்களிடம் நோய் அதிக காலம் அடங்கியிருந்தது. கடைகளில் விற்கும் 'நற்கிருமி' மருந்துகளைக் கொடுத்த எலிகளிடமோ சிகிச்சையின் பலன் குறைந்தது.

128 பேரைக் கொண்டு முடிவு கட்டிவிட இயலாது. நாரினால்தான் நலம் விளைந்தது என்று அவ்வாராய்ச்சி நிரூபித்துவிடவும் இல்லை. ஆயினும் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஜலதோஷம் கண்டவுடன் மருந்துக் கடையில் நாமே கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். வைத்தியரே அதைக் கொடுத்தால் மறுக்கலாகாது. விளம்பரத்தை நம்பி நற்கிருமி மாத்திரைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். கீரையும் பயறும் கேழ்வரகும் நம் இலையில் இடம் பெறட்டும். குடலில் ரணமோ அடைப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

ஆகாரம் சிகிச்சைக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது. பத்தியத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் புற்றுக்கே லாபம்.