வெட்டு மேசையில் எஞ்சுவது

சேலையும் வேட்டியும் சாரமும் தறியிலிருந்து இறங்கிய உருவிலேயே பெரும்பாலும் உடுக்கப்படுபவை. அவற்றில் கத்தரிக்கோலுக்கு வேலை குறைவு. ஆதலால் வீணாகும் துணியும் இல்லை எனலாம். சட்டையின் நிலையோ வேறு. அதன் கைப்பகுதியும் கழுத்துப்பகுதியும் வளைவானவை. எத்துணைத் திறமையுடன் வெட்டினாலும் வளைவுகளுக்கிடையே துணி எஞ்சியே தீரும். ஆடைத் தொழிலின் நிலைபேற்றை அறிய விரும்புவோர் இந்த மிச்சத்திலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

இலங்கையின் ஏற்றுமதி ஆடைத்தொழில் 1977ஆம் ஆண்டின் பொருளாதார மாற்றத்திற்குப் பின்னர் வேகங்கொண்டது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கிராமங்களுக்கும் கொண்டு சென்றது. இன்று நாட்டின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைகளுக்கே உரியது. ஆயினும் இத்தொழிலுக்கு வேண்டிய பருத்தி இங்கு விளைவதில்லை. துணியிற் பெரும்பகுதி கடல் கடந்தே வருகின்றது. ஆகவே, எறியப்படும் துண்டுகளிற் பல அந்நியச் செலாவணி கொடுத்துப் பெற்ற பொருளாகும். அதனுள் தூரதேசத்து நீரும் அடங்கியுள்ளது. ஒரு பருத்தி ரீ சேட்டுக்குச் சுமார் 2,700 லீற்றர் நீர் செலவாகின்றதென ஒரு கணிப்புக் கூறுகின்றது.

எஞ்சிய துண்டுகளை மீண்டும் நூலாக்கலாகாதா? தனிப் பருத்தித் துணியாயின் அதனைப் பிய்த்துப் பஞ்சாக்கலாம். ஆனால் பிய்க்கும்போது இழைகள் குறுகிவிடுவதால், புதுப் பஞ்சும் கலந்தே உறுதியான நூல் நூற்க இயலும். பருத்தியோடு செயற்கை இழை கலந்த துணியிலோ இரண்டையும் பிரிப்பதே பெரும்பாடு. அத்தகைய துண்டுகள் கால்மிதியாகவோ, திண்டுகளின் உள்ளடைப்பாகவோ, சூளைக்கு எரிபொருளாகவோ முடிகின்றன. ஆகவே, மிச்சம் வந்தபின் வழிதேடுவதினும் அது வராமற் குறைப்பதே சிறந்தது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மார்க்கர் எனப்படும் வடிவப்படத்தை அதன்மேல் நெருக்கமாக அமைக்கும் கலை இங்குதான் பயன்படுகின்றது. இப்பணிக்கு இன்று கணினியும் துணைசெய்கின்றது.

தொழிற்சாலைக் கட்டடத்திலும் சிக்கனம் காண முடியும். 2008இல் துல்கிரியவில் எழுந்த ஓர் ஆடைத் தொழிற்சாலை இயற்கை ஒளியையும் காற்றோட்டத்தையும் பயன்படுத்தி மின்சாரச் செலவைக் குறைக்கும் வண்ணம் அமைந்தது. சீதுவையில் பழைய தொழிற்சாலையொன்றே அவ்வாறு புதுக்கப்பட்டது. இடித்துக் கட்டாமலும் திருத்தம் செய்யலாம் என்பதற்கு அது சான்று.

எனினும், துணியையும் மின்சாரத்தையும் மட்டும் காப்பது நிலைபேறு ஆகாது. தையற் பொறிகளின் முன் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். வீட்டைப் பிரிந்து வாடகை அறைகளில் வாழ்வோரும் அவர்களுட் பலர். கொள்வனவாளர் விலையைக் குறைத்து, காலக்கெடுவையும் சுருக்கும்போது அந்தச் சுமை ஈற்றில் அவர்களின் தோளிலேயே இறங்குகின்றது. மேலதிக நேர வேலையின்றி வயிறு கழுவ இயலாத தொழிலாளியை வைத்து நடத்தப்படும் தொழில், கூரையில் எத்தனை சூரியத் தகடுகளைப் பதித்தாலும், நிலைத்த தொழிலென்று சொல்லத் தகாது.

உடுப்பவருக்கும் இதிற் பங்குண்டு. கிழிந்த தையலைத் தைத்து, கழன்ற பொத்தானைப் பூட்டி, ஒரு சட்டையை மேலும் ஓராண்டு அணிபவர் இன்னொரு சட்டைக்கு வேண்டிய நீரையும் துணியையும் மிச்சப்படுத்துகின்றார். அண்ணனின் சட்டை தம்பிக்கு ஆவதும், பழஞ்சேலை குழந்தைக்கு ஏணையாவதும் நம் வீடுகள் அறிந்த வழக்கமே. ஊசியும் நூலும் உள்ள வீட்டில் அவ்வழக்கத்தைத் தொடர்வது அரிதன்று.